செற்றி முதலில், குளியலறை பிறகு

1

ஒரே வீட்டில் இருபத்தைந்து வருடம் ஒழுங்காக வாடகை கட்டினால் இந்த நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர் பூங்கொத்துத் தருகிறார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செற்றியைத் திருத்தி வைத்திருப்பேன்.

செற்றி என்பது சோபாதான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் டார்ம்ஸ்டாட்டில் கிழவர்களானாலும் அதைச் செற்றி என்றுதான் சொல்வோம். எங்கள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஐம்பத்துநாலு சதுர மீட்டருக்குள் இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, ஒரு ஆள் நிற்கக்கூடிய பல்கனி. வீடு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். மார்ச் மாதத்தில் ஒரு காலை அந்த நிறுவனத்திலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். கையில் பூங்கொத்து, வாழ்த்து மட்டை, பெயின்ற்றும் பலகையும் ஆணியும் விற்கும் பெரிய கடையொன்றுக்கான கூப்பன்.

செற்றியின் இடது மூலையில் ஸ்பிரிங் செத்துப் பல வருடம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மூலையில் நான் முந்திப் போய் இருந்துவிடுவேன். அது என் கடமை. அன்று குசினிக்குள்ளிருந்து மனைவி ரஞ்சி தேத்தண்ணித் தட்டை எடுக்கக் கூப்பிட்டாள். நான் எழும்பிப் போன இடைவெளியில் மனிதர் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய முழங்கால்கள் நாடிக்கு நேரே நிற்கின்றன. பூங்கொத்தை மட்டும் விடவில்லை.

“மிகவும் வசதியாக இருக்கிறது” என்று ஜேர்மனில் சொன்னார். ஜேர்மன்காரர் பொய் சொல்வது குறைவு. சொல்ல வேண்டி வந்தால் இப்படியான இடத்தில்தான் சொல்வார்கள். நான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

அவர் புறப்பட்டபோது ரஞ்சி வழக்கம்போல வழியனுப்பக் கீழே தெருக்கதவு வரைக்கும் போனாள். வீட்டுக்கு வந்தவர் யாரென்றாலும் அவளுக்கு அதுதான் ஒழுங்கு. முழங்கால் நோவோடு திரும்பி ஏறி வரக் கால் மணித்தியாலம் எடுத்தது.

“மானம் போச்சப்பா,” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “முதல்ல இந்தச் செற்றியை மாத்தவேணும்.”

எனக்கும் அதே எண்ணந்தான். செற்றிக்கென்று கொஞ்சக் காசும் சேர்த்து வைத்திருந்தோம்.

2

எங்கள் மகள் துளசி லைப்சிக்கில் இருக்கிறாள். கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் அலுவலகமொன்றில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவாள். இங்கேயே பிறந்த பிள்ளை. ஜேர்மனில் யோசித்துத் தமிழில் இறக்குவாள். இறக்கும்போது வழியில் கொஞ்சம் கொட்டுப்படும். அதை நாங்கள் பொறுக்கி எடுத்துக்கொள்வோம்.

அந்தமுறை வந்தபோது என் திட்டத்தை அவளிடம் காட்டினேன். கையிலிருப்பதோ கொஞ்சம், வீட்டில் பழுதோ நிறைய என்பதால் வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன். முதலாவது செற்றி. இரண்டாவது சோகேஸ் அலுமாரிக்கு லைற். மூன்றாவது யன்னல் சீலை. நாலாவது நடைபாதைச் சுவருக்குப் புதுக் கடதாசி. ஐந்தாவது குசினியில் ஒழுகும் பைப். குளியலறை கடைசி.

துளசி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“அப்பா, இது என்ன ஒழுங்கு தெரியுமோ? இது விசிற்றேர்ஸ் பாக்கிற ஒழுங்கு. அவையள் போகாத இடமெல்லாம் கீழ கிடக்கு.”

நான் அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஊரில் கலியாணத்துக்கு வெள்ளையடிக்கும்போதும் முன்சுவரோடு சுண்ணாம்பு முடிந்துவிடும். பின்சுவர் அடுத்த கலியாணத்துக்குக் காத்திருக்கும். இங்கே கலியாணம் மண்டபத்தில் நடக்கிறது, பழக்கம் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

“டிப்போவில நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?” என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியாததில்லை. பஸ் டிப்போவில் சாரதிகள் எழுதித் தரும் பழுதுத் தாள்களைப் பிரித்து வைப்பது என் வேலை. மூன்று தட்டுகள் உண்டு. பிரேக், கதவு, ஸ்ரியரிங் என்றால் சிவப்புத் தட்டு, பஸ் வெளியே போகக்கூடாது. லைற், கண்ணாடி என்றால் மஞ்சள். கிழிந்த சீற் உறையெல்லாம் பச்சைத் தட்டு, ஆறுதலாகப் பார்க்கலாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு தாளையும் தட்டு மாற்றிப் போட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“அப்ப எங்கட வீட்டில சிவப்புத் தட்டு எது?”

“செற்றி,” என்றேன்.

“செற்றி,” என்று குசினிக்குள்ளிருந்து ரஞ்சியும் சொன்னாள்.

துளசி துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். போனவள் உடனே திரும்பி வந்தாள்.

“பாத்ரூம் வாசலில ஏன் ஒரு ஸ்ரூல் கிடக்கு?”

3

அந்த முக்காலியைப் பற்றி அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவள் வரும் நாட்களில் அதை ஒளித்துவிடுவோம், அந்தமுறை மறந்துபோனோம்.

ரஞ்சி பல வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நின்று வேலை செய்தவள். சீமெந்துத் தரையில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, ஒன்றுக்குச் சத்திரசிகிச்சையும் செய்து, வேலையை விட்டுவிட்டாள். எங்கள் குளியலறையில் ஷவர் குளியல் தொட்டிக்குள்ளேதான் இருக்கிறது. தொட்டியின் விளிம்பு என் தொடையளவு உயரம். அவள் அதற்குள் இறங்குவதும் ஏறுவதும் மதில் பாய்கிற மாதிரித்தான். போன நவம்பரில் கால் வழுக்கி ஷவர்ச் சீலையைப் பிடித்தாள். சீலையோடு கம்பியும் வந்தது. நல்லகாலம், எலும்பு முறியவில்லை. துளசியிடம் சீலை கிழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். அது பொய்யில்லை.

அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள், நான் வேலையில்லாத நேரம் பார்த்து அவள் குளிப்பாள். நான் வெளியே ஸ்ரூலில் இருப்பேன். அவள் உள்ளே கதைத்துக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கதை நின்றால் கதவைத் தட்டுவேன். டொரொண்டோவில் இருக்கும் அவளுடைய மச்சாளின் மகனுக்குக் கலியாணம் பேசின கதையைத்தான் அதிகம் சொல்வாள். பெண்வீட்டார் ஒரு நாள் சம்மதிப்பார்கள், அடுத்த குளியலில் மாறிவிடுவார்கள். நான் கதையைக் கவனிப்பதில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். சவர்க்காரம் கண்ணில் பட்டு அவள் ஒரு நொடி நிறுத்தினாலும் நான் ஸ்ரூலை விட்டு எழும்பிவிடுவேன். எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

என் பயத்தைத் தவிர மற்றதெல்லாம் அன்றைக்குத் துளசிக்குச் சொன்னோம். அவள் கேட்டுவிட்டுத் தொட்டி விளிம்பில் போய் இருந்தாள். பிறகு என் தாளை வாங்கிக் குளியலறையை முதலாவதாக எழுதிச் சிவப்பு மையால் சுற்றுப் போட்டாள். செற்றி ஒழுகும் பைப்புக்கும் கீழே போய்விட்டது.

தொட்டியைக் கழற்றிவிட்டுத் தரையோடு தரையாக ஷவர் போட எங்கள் செற்றிக் காசைப் போல மூன்று மடங்கு வேண்டும். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. ஏலாதவர்களுக்கு உதவுகிற பராமரிப்புக் காப்புறுதிக்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட வேண்டும். அவர்கள் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பி, அம்மாவுக்கு எதெது ஏலாது என்று பார்ப்பார்கள். ஏலாது என்று கண்டு, உதவிக்கென்று வைத்திருக்கும் படிகளில் ஆகக் குறைந்த படியிலாவது அவளைச் சேர்த்துவிட்டால், குளியலறை மாற்றுவதில் பெரும்பங்கை அவர்களே தருவார்கள். படிவத்தை அவளே நிரப்பி அனுப்பினாள்.

4

பதில் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. ரஞ்சி அதில் ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டாள். இன்ன நாள் பத்து மணிக்கு ஒருவர் வீட்டுக்கு வருவார்.

வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று நாள் வீடு கழுவினோம். யன்னல் கண்ணாடியெல்லாம் துடைத்தோம். மருந்துப் பெட்டியை அலுமாரிக்குள் தள்ளினோம். ரஞ்சியின் ஊன்றுகோல் நடைபாதையில் வடிவில்லாமல் நின்றது, அதை நானே கொண்டுபோய்ப் பல்கனியில் ஒளித்தேன். வாசல் ஸ்ரூலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அவர் வரவிருந்த நாள் விடிய ரஞ்சி உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டின றோல்ஸ் நாற்பது பொரித்தாள். பொரித்து முடித்து நீலப் பட்டுச்சேலை கட்டினாள். போன வருடக் கலியாணமொன்றுக்குப் பிறகு அந்தச் சேலையை அன்றுதான் எடுத்தாள்.

வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மென்மையான ஆள், சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். செற்றியின் வலது பக்கத்தில் அவரை இருத்தினேன். இடது மூலையில் நான் என் கடமையில் இருந்தேன். ரஞ்சி தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்து வந்து பரிமாறினாள்.

கைகளை உயர்த்த முடியுமா என்று கேட்டார். ரஞ்சி உயர்த்தினாள். குனிந்து காலுறை போட முடியுமா? முடியும். படி ஏற முடியுமா? முடியும். தனியாகக் குளிப்பீர்களா?

“யா, யா. கைன் ப்ரொப்ளேம்,” என்று சிரித்தாள் ரஞ்சி. ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல இடம் தருகிற பார்வை அது. இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு நான், “அலஸ் கூட்” என்றேன். எல்லாம் நலம். வீட்டுக்கு வந்த ஆளிடம் வேறு என்ன சொல்வது?

குளியலறையையும் காட்டினோம். தொட்டி பளபளத்தது, அவர் அதைப் பாராட்டினார். மூன்று றோல்ஸ் சாப்பிட்டு, செய்முறையையும் கேட்டு எழுதிக்கொண்டு புறப்பட்டார். ரஞ்சி அவரோடு மூன்று மாடியும் இறங்கித் தெருக்கதவில் நின்று கைகாட்டி அனுப்பினாள்.

“நல்ல மனுசி,” என்றாள் ஏறி வந்து. அதோடு கட்டிலில் விழுந்தவள் இரண்டு நாள் எழும்பவில்லை.

5

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணங்களை ஜேர்மன் முறைப்படி வரிசையாக எழுதியிருந்தார்கள். விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். தட்டைச் சிந்தாமல் தூக்கி வந்தார். மூன்று மாடிப் படிகளைத் துணையின்றி இறங்கினார். ஒரு சொல்லும் பொய்யில்லை. இவ்வளவு நல்ல நற்சான்று ரஞ்சிக்கு இந்த நாட்டில் வேறு எந்த அலுவலகமும் தந்ததில்லை.

துளசி தொலைபேசியில் முதலில் ஜேர்மனில் கத்தினாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

“அப்பா, அவ விருந்தாளி இல்லை. அது ஒரு சோதினை. அதில ஃபெயில் விட்டாத்தான் பாஸ்!”

“வீட்டுக்கு வந்த மனுசியை வெறும் வாயோட அனுப்பிறதோ?” என்று ரஞ்சி குறுக்கே கேட்டாள்.

“அம்மா, நீங்கள் ஏன் ஏலாது எண்டு சொல்லேல்லை? ஒரு சொல்லுத்தானே.”

ரஞ்சி தொலைபேசிக்குக் கிட்ட வந்தாள். பிறகு சொன்னாள்.

“பிள்ளை, இந்த நாட்டுக்கு வரேக்க ஒருக்கா எல்லாம் சொன்னனான். ஒரு மேசைக்கு இஞ்சால நான், அங்கால ரெண்டு பேர். ஒருத்தன் கேள்வி கேக்கிறான், மற்றவன் தட்டெழுதிறான். அழுதால் எழுதினவை, அழாட்டி திருப்பிக் கேட்டவை. அண்டைக்கு நினைச்சனான், இனி ஒருத்தனுக்கும் என்ர ஏலாததைச் சொல்லி ஒரு தாளும் வாங்கமாட்டன் எண்டு.”

அகதி அந்தஸ்துக்காக அவளை விசாரித்த அதே கட்டடத்தில் வேறொரு அறையில் என்னையும் விசாரித்திருந்தார்கள். நாங்கள் அதைப் பற்றி அதற்குப் பிறகு கதைத்ததேயில்லை. துளசிக்கு அந்த விசாரணை ஒரு கோப்பு இலக்கமாகத்தான் தெரியும்.

“சரி அம்மா,” என்றாள் துளசி. “நீங்கள் சொல்லத் தேவையில்லை. அப்பா சொல்லட்டும்.”

ஆட்சேபனைக் கடிதத்தை அவளே எழுதி அனுப்பினாள்.

6

இரண்டாம் தரம் வந்தவர் ஒரு ஆண், எங்களைவிட இளையவர். துளசி முதல்நாளே தொலைபேசியில் கட்டளையிட்டிருந்தாள். சேலை இல்லை. பலகாரம் இல்லை. ஊன்றுகோல் கையில் இருக்க வேண்டும், மருந்துப் பெட்டி மேசையில் இருக்க வேண்டும், ஸ்ரூல் அதன் இடத்தில் இருக்க வேண்டும். ரஞ்சி வீட்டுச் சட்டையோடு செற்றியில் இருந்தாள். ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் ஒரு மனிதனை எதிரே இருத்தி வைத்திருப்பது அவளுக்குக் குற்றம் செய்கிற மாதிரி இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் கேள்விகளைக் கேட்டார். காலுறை போட்டுக் காட்டச் சொன்னபோது ரஞ்சி பாதியில் நிறுத்தினாள். பிறகு, எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்டார். ரஞ்சி என்னைப் பார்த்தாள். அவள் வாய் தானாகவே ‘யா, யா’ என்று தொடங்கியது.

நான் ஒரு முழு ஜேர்மன் வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். என் மனைவி தனியாகக் குளிப்பதில்லை. நான் வாசலில் அந்த ஸ்ரூலில் இருக்கிறேன். அவள் உள்ளே கதைத்துக்கொண்டே குளிக்கிறாள். கதை நின்றால் தட்டுவேன். ஒவ்வொரு தரமும் எனக்குப் பயம்.

இலக்கணமெல்லாம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் எழுதுவதை நிறுத்தினார். எழும்பிப் போய் அந்த ஸ்ரூலில் இருந்து, சாத்திய கதவைப் பார்த்தார். எவ்வளவு காலம் என்று கேட்டார். நவம்பரிலிருந்து என்றேன்.

புறப்படும்போது ரஞ்சி பழக்கத்தில் எழும்பினாள். “தயவுசெய்து இருங்கள்,” என்றார் அவர். அவள் இருந்துவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் தன்பாட்டில் படியிறங்கிப் போன முதல் நாள் அது. நான் கதவைச் சாத்தப் போனபோது சப்பாத்துத் தட்டின் மேல் தாளில் சுற்றிய பொட்டலமொன்று இருந்தது. உள்ளே இரண்டு றோல்ஸ். அவள் எப்போது பொரித்தாள் என்று தெரியவில்லை. அவர் தனக்கென்று நினைக்கவில்லை போலும், அல்லது சட்டம் விடவில்லை. நான் சாப்பிட்டேன்.

பின்னேரம் வரைக்கும் ரஞ்சி என்னோடு கதைக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம், “உங்களுக்குப் பயமெண்டு எனக்குச் சொல்லேல்லையே,” என்றாள்.

“நீர் கேக்கேல்லையே,” என்றேன். அதோடு விட்டுவிட்டோம்.

7

ஆகக் குறைந்த படி கிடைத்தது. அதற்குப் பிறகு வீட்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்டோம். தந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. வீட்டை விட்டுப் போகும்போது பழைய தொட்டி பழைய இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே தொட்டியை எறியவும் ஏலாது.

நிலவறையில் எங்களுக்கு ஒரு கூண்டு உண்டு. அதற்குள் வெறும் காட்போட் பெட்டிகள். ஊருக்குத் திரும்பிப் போகும்போது சாமான் கட்டத் தேவைப்படும் என்று வாங்கிய நாளிலிருந்து வைத்திருக்கிறோம். தொலைக்காட்சிப் பெட்டியின் பெட்டி இருந்தது. அந்தத் தொலைக்காட்சி செத்து, அதற்கடுத்ததும் செத்துவிட்டது. அவற்றையெல்லாம் மடித்துக் கடதாசிக் குப்பையில் போட மூன்று நடை எடுத்தது. ரஞ்சி தடுக்கவில்லை. தொட்டி இப்போது அந்தக் கூண்டுக்குள் கிடக்கிறது. அதற்குள் இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு அளவாகக் கிடக்கின்றன.

செற்றிக் காசு முழுவதும் ஷவரோடு போய்விட்டது. பூங்கொத்தோடு வந்த கூப்பனுக்குச் சுவரில் பூட்டும் கைபிடி ஒன்று வாங்கினேன். செற்றியின் இடது மூலையில் இப்போதும் நான்தான்.

வேலையாட்கள் போய், மூலைகளில் பூசிய சிலிக்கன் காய்ந்து, முதல் குளியல் அன்று ரஞ்சி உள்ளே போனாள். ஏற விளிம்பு இல்லை, நடந்தே போனாள். நான் பழக்கத்தில் ஸ்ரூலில் போய் இருந்தேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது, கதை இல்லை. கதவைத் தட்டக் கையை உயர்த்தினேன். பிறகு யோசித்தேன். அவள் இன்னும் கதையைத் தொடங்கவேயில்லை. தொடங்க வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை. இத்தனை மாதமும் அவள் அந்தக் கலியாணத்தை இழுத்துக்கொண்டு போனது எனக்காகத்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது. இனி எனக்கு இங்கே வேலையில்லை என்பதும் தெரிந்தது. ஸ்ரூலைப் பல்கனியில் போடலாம் என்று எழும்பினேன். அது தரையில் உரசிச் சத்தம் போட்டது.

உள்ளே தண்ணீர் நின்றது.

“என்னப்பா, எழும்பிறியளோ?”

“ஓம். இனித் தேவையில்லைத்தானே.”

பிறகு தண்ணீர் திரும்ப ஓடத் தொடங்கியது.

“இருங்கோ,” என்றாள். “அந்தப் பெம்பிளை வீட்டுக்காரர் பிறகு என்ன சொன்னவையெண்டு நான் இன்னும் சொல்லேல்லை.”

ஸ்ரூலைத் திரும்ப வாசலில் வைத்து இருந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கதையைக் கவனித்துக் கேட்டேன்.